மருதாணி விரலும் தபால் ஆபீஸ் கணக்கும்

ஷார்ஜா ரோலாவில் நான் தையல்காரன். பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் மனைவி முந்திரி உடைக்கிறாள். நான் அனுப்பும் பணம் எங்கள் வீட்டுக்கு நேராகப் போனதில்லை. என் அண்ணன் கணக்கில் போய் இறங்கி, அவர் கையால்தான் எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் பக்கத்து ஆட்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். கல்ஃபுக்கு வந்த புதிதில் அவசரத்துக்கு யாருடைய கணக்கையாவது கொடுத்துவிடுவோம். அதுவே காலத்துக்கும் நின்றுவிடும்.

அண்ணன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஒரு பைசா குறைக்க மாட்டார். ஆனால் கொடுக்கும் முன் “எதுக்கும்மா?” என்று ஒரு வார்த்தை கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அந்த ஒரு வார்த்தைதான் என் மனைவிக்கு ஆகவே ஆகாது.

“ஏங்க, உள்பாவாட வாங்கறதுக்கெல்லாம் உங்க அண்ணங்கிட்ட போயி காரணம் சொல்ல முடியுமா?” என்று ஒருநாள் போனில் வெடித்தாள். நான் மடத்தனமாகச் சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் பேச்சே இல்லை.

தன் பேரில் கணக்குத் திறக்க டவுன் பேங்கில் அவள் ஏற்கெனவே முட்டிப் பார்த்தவள்தான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறிப் போய் நின்றவளைக் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எப்படி விழும்? முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து, வழவழவென்று இருக்கும்.

இந்த வருஷம் ஒருநாள் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. தபால் கொண்டுவரும் பெண் வீட்டுக்கே வந்து கணக்குத் திறந்து தருகிறாளாம். பணம் போடுவது, எடுப்பது எல்லாம் வாசலிலேயே முடிந்துவிடுமாம். நான் நம்பவில்லை. தபால் ஆபீஸ் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பசை டப்பாவும் முத்திரைக் கட்டையும்தான்.

“இந்த வாட்டி நடக்கலன்னா நான் இனிமே கேக்கவே மாட்டேங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது.

ரேகை திரும்ப முளைக்கட்டும் என்று முந்திரி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தினமும் விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். என் பங்குக்கு நானும் ஒரு உத்தரவு போட்டேன்: “போன் நம்பர் கேட்டா என்னோட இந்தியா நம்பரக் குடு.” எங்களில் எல்லோரிடமும் ஒரு இந்தியா சிம் இருக்கும். அதில் யாரும் பேசுவதில்லை. ஓடிபி வருவதற்காகவே அதற்குச் சோறு போட்டு வளர்க்கிறோம். அவளும் “சரிங்க” என்றாள்.

அந்த நாள் வந்தது. எனக்குக் காலையிலிருந்து ஊசியில் நூலே நுழையவில்லை. எங்கள் முதலாளி கீழக்கரைக்காரர். “மாப்புள, துணி எங்கயும் ஓடிடாது. போன எடுத்து மிஷின் மேல சாத்தி வையி, நானும் பாக்கணும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். துணி வெட்டும் பாகிஸ்தானி மாஸ்டரும் கத்திரியோடு வந்து நின்றார். ஒரு போனில் வீடியோ கால். இந்தியா சிம் போட்ட பழைய போன் என் கையில்.

அங்கே தபால் பெண் ஸ்கூட்டியிலிருந்து இறங்கி வந்தாள். சின்ன வயசு. தோள்பையிலிருந்து கையடக்கமாக ஒரு கருவியை எடுத்து, “விரல வைங்கக்கா” என்றாள். என் மனைவி கையை நீட்டினாள். பத்து விரல் நுனியிலும் செக்கச்செவேலென்று மருதாணித் தொப்பி!

“என்னக்கா, வீட்ல கல்யாணமா?”

“இல்லம்மா. இன்னிக்கின்னு…” என்று அவள் கையை மடக்கிக்கொண்டாள். இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய ரேகை மேல், சந்தோஷம் தாங்காமல் முந்தின நாள் மருதாணியை அப்பியிருக்கிறாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இதுதான்.

கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விழவில்லை. ஒவ்வொரு விரலையும் முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். கருவி அசையவில்லை. அவள் முகம் சுருங்கியது. பக்கத்தில் மாஸ்டர் “யா அல்லா” என்று முனகினார்.

தபால் பெண் மட்டும் அசரவில்லை. “ரேகை போனாப் போவுதுக்கா. மொகம் இருக்குல்ல?” என்று தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். “இத நேராப் பாருங்க. கண்ண மூடித் தெறங்க.”

என் மனைவி கேமராவுக்கு முகம் காட்டுகிறவள் இல்லை. வீடியோ காலில் எனக்கே பாதி நாள் மின்விசிறிதான் தெரியும். அன்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“எடுத்துக்கிச்சிக்கா!”

முதலாளி ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். நான் போட்ட கூச்சலில் வாசலில் போன பிலிப்பினோக்காரி எட்டிப் பார்த்தாள்.

“ஓடிபி வரும், பாத்துப் போடுங்கக்கா” என்றாள் தபால் பெண். என் முறை வந்துவிட்டது! பழைய போனை முறைத்துப் பார்த்தேன். வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று வாசலுக்கு ஓடினேன். போனை ஆகாசத்துக்குக் காட்டினேன். ஒன்றும் இல்லை.

“இன்னும் வரலம்மா! மறுபடி அனுப்பச் சொல்லு!” என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தேன்.

வீடியோவில் படம் குலுங்கியது. கூரை தெரிந்தது, பிறகு அவள் மோவாய் தெரிந்தது. தன் போனைக் கையில் எடுத்து எதையோ படிக்கிறாள்.

“உங்களுக்கு வராதுங்க. என் நம்பரக் குடுத்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது, அதை மறைப்பானேன். சட்டென்று கோபம்கூட வந்தது.

“சரி, என்ன நம்பர் வந்துருக்கு, சொல்லு” என்றேன், கொஞ்சம் முறைப்பாகவே.

“யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதுங்க.”

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் என்னவென்று புரியாமல் “க்யா ஹுவா, க்யா ஹுவா?” என்று எல்லோரையும் கேட்டார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கே அவள் தபால் பெண் நீட்டிய போனில் மருதாணி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவி அழுத்தினாள். “கணக்குத் தெறந்தாச்சுக்கா” என்று சத்தம் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது.

மதியமே ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த தம்பி நம் ஊர்ப் பையன், என்னை நன்றாகத் தெரியும். “அண்ணன் பேருக்குத்தான?” என்று வழக்கம்போல் தட்டப் போனான். நான் தடுத்து, என் மனைவியின் பேரை முழுசாகச் சொன்னேன். அவன் சரியாகத்தான் தட்டினான். இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

“எதுக்காக அனுப்புறீங்கண்ணே?” என்றான். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, எப்போதும் கேட்பதுதான்.

“அது அவ இஷ்டம்” என்றேன்.

“அப்படி ஒண்ணு இதுல இல்லண்ணே” என்று சிரித்துக்கொண்டே குடும்பச் செலவு என்று அழுத்தினான்.