கடலூர் நீதிமன்றத்துக்கு மேரியோடு போன நாள்

நெய்வேலியிலிருந்து கடலூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாலியல் வன்முறை வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு அது ரொம்ப தூரம். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அப்படிப் போகிறவர்களுக்குத் துணையாகப் போகிறேன். இது கடந்த ஆடியில் போனது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று, அன்று சாட்சி சொன்ன ஜான்சி ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன்.

மேரி எங்கள் நகரியத்தில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அவர் மகள் ஜான்சிக்கு இருபத்து நான்கு வயது. தன் வீட்டில் தையல் வகுப்பு நடத்தியவன் அவளைப் பலாத்காரம் செய்தான். புகார் கொடுத்தபின் தெருவில் பேசிய பேச்சு தாங்காமல் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருடமாக அம்மாவைப் பார்க்கவில்லை. அன்று நேரே கடலூருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

காலை 7.20க்கு பஸ். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். மேரியின் மடியில் நெத்திலிக் குழம்பும் சோறும் இருந்த தூக்கு. வடலூர் வருவதற்குள் மூன்று முறை கேட்டுவிட்டார்.

"வருவாளா டீச்சர்?"

"பஸ் ஏறிட்டதா மெசேஜ் வந்திருக்கு மேரி."

"மெசேஜ் உங்களுக்குத்தானே வருது."



8.40க்கு இறங்கினோம். நீதிமன்றத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநர், "கேஸுங்களா, வாய்தாவா?" என்றார்.

"எம்பொண்ணப் பாக்கப் போறேன்" என்றார் மேரி.

ஜான்சி வாசலிலேயே நின்றிருந்தாள். மேரி அவள் பின்கழுத்தைத் தடவினார். "முடிய வெட்டிட்டியா?"

"வேலைக்கு இதுதாம்மா சவுரியம்."

அதற்கு மேல் பேச நேரமில்லை. மேரியும் அந்த வழக்கில் சாட்சி என்பதால் மகள் சொல்லும்போது உள்ளே இருக்கக் கூடாது. "ஓரமா நின்னுகினு இருக்கேனே டீச்சர்" என்றார்.

"வேணாம்மா" என்றாள் ஜான்சி. "சட்டம் விட்டாலும் வேணாம். உன் மூஞ்சியப் பாத்துகினு என்னால அதச் சொல்ல முடியாது."

கதவை மூடித்தான் விசாரணை. நீதிபதி அனுமதித்ததால் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறுக்கு விசாரணையில், மறுநாளும் ஏன் அந்த வீட்டுக்குப் போனாய் என்று கேட்டார்கள். ஜான்சி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா வாங்கிக் குடுத்த மெஷின் அங்க இருந்துச்சு. அத எடுக்கப் போனேன்." அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மதியம் மரத்தடியில் சாப்பாடு. ஜான்சி சாப்பிட்டாள், மேரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேரியின் சாட்சி, இருபது நிமிடம். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

நாலரைக்குப் பஸ் நிலையத்தில் மேரி கேட்டேவிட்டார். "ஒரு நாளு வூட்டுக்கு வந்துட்டுப் போடி."

"அந்தத் தெருவுல கால் வைக்க இன்னும் முடியலம்மா."

அவள் பஸ் ஏறிவிட்டாள். மேரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியபோது உள்ளிருந்து ஜான்சி மெதுவாகச் சொன்னாள். "நீ வாயேன். ஹாஸ்டல்ல ரெண்டு நாளு தங்க விடுவாங்க."

"மாத்துப் பொடவகூட எடுத்தாரலியே."

"எங்கிட்ட நைட்டி இருக்கு. ஏறு."

மேரி என்னைப் பார்த்தார். "ரெண்டு வூட்லயும் சொல்லிடுங்க டீச்சர்" என்று ஏறிக்கொண்டார்.

இப்படித் துணைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்பதரைக்குள் போய், எதிரியின் ஆட்கள் கண்ணில் படாத இடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேளுங்கள். முன்பு கொடுத்த வாக்குமூலத்தை அரசு வழக்கறிஞரிடம் வாங்கி முந்தைய நாளே படிக்கச் சொல்லுங்கள். சாட்சி சொன்னவளிடம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். சாப்பாடு எடுத்துப் போங்கள். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காதீர்கள்.

5.10 பஸ்ஸில் நான் தனியாக நெய்வேலி வந்து இரண்டு வீடுகளிலும் சொன்னேன். மேரி எப்போது வருவார் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.