அரிசி மூட்டைக்குப் பரிவட்டம்

மஹய்யாவயில் என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவள் கஜலட்சுமி. அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவள் புருஷன் கிருஷ்ணராஜுக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை. வேறொருத்தியோடு போனதும் அவன், விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டதும் அவன். வழக்கு முடியும்வரை மனைவிக்கும் மகள் கஜனிக்கும் மாதாமாதம் தாபரிப்புப் பணம் கட்டும்படி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கொஞ்ச நாள் ஒழுங்காகக் கட்டினான். பிறகு பணத்துக்குப் பதிலாக அரிசி மூட்டை த்ரீவீலில் வந்து இறங்கியது. தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று ஹோன் அடித்துத்தான் இறக்குவார்கள். வாசலுக்கு வந்த அரிசியைத் திருப்பி அனுப்பினால் ஆகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அவளும் வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். அதையே பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு எல்லாம் நான்தானே கொடுக்கிறேன், அக்கம்பக்கத்தைக் கேளுங்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டான் அந்தப் புண்ணியவான்.

வீட்டுச் சொந்தக்காரர் நஸீப் நானா நல்ல மனிதர்தான். ஆனாலும் வாடகைக்கு அரிசியையா வாங்குவார்? பொறுத்துப் பார்த்துவிட்டு, காலி பண்ணச் சொன்னார். கிருஷ்ணராஜ் காத்திருந்ததும் இதற்குத்தான். வீடு போனால், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மா வீட்டு லயத்துக்குப் போய்விடுவாள் அல்லவா?

அடுத்த மூட்டையை அவள் வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. வந்த த்ரீவீலிலேயே கோயிலுக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் கிருஷ்ணராஜ் முதலாளியின் உபயம் என்று சொல்லச் சொன்னாள். கோயில்காரர்கள் அவனை அழைத்து, மைக்கில் பெயர் சொல்லி, மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா? மனுஷன் தலையைக் குனிந்து கட்டிக்கொண்டான். அவள் ஒரு ஓரமாக நின்று கும்பிட்டாள்.

நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்பட்ட அடுத்த தவணையிலும் அவன் அரிசிக் கதையைத்தான் எடுத்தான். அவளுடைய சட்டத்தரணி றமீலா எழுந்து, கோயிலுக்குப் போன மூட்டை யாருடையது என்று கேட்டார். மனைவிக்குக் கொடுத்தது என்றால் பரிவட்டம் அவனுக்குரியது இல்லை. தன்னுடையது என்றால் மனைவிக்குக் கொடுக்கவில்லை. பின்வரிசையில் கோயில் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னோட உபயம்தான்" என்றான் கிருஷ்ணராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

உத்தரவு பணத்துக்குத்தானே தவிர அரிசிக்கு இல்லை என்றார் நீதிபதி. நிலுவையைக் கட்டும்வரை அவன் போட்ட விவாகரத்து வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். அடுத்த கல்யாணத்துக்கு அவசரப்பட்டவனின் முகம் கறுத்துவிட்டது.

வெளியே வந்ததும் அவள்மேல் பாய்ந்தான். வழக்கை இழுத்தடிக்கத்தானே இந்த வேலை என்று கத்தினான். கஜலட்சுமி அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"வழக்க நடத்துங்க, நான் தடுக்கல. ஆனா அது முடியிற வரைக்கும் நானும் பிள்ளையும் உயிரோட இருக்கணும்ல."

அந்த வாரமே நிலுவை முழுவதையும் கட்டினான். கஜலட்சுமி இன்றும் என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள்.