யார் என்ன சொன்னாலும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம், கடலூர் பஸ் ஸ்டாண்டில் தொடங்கியது இது. அப்போது நான் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. சிதம்பரத்தில் இருக்கும் என் அண்ணன் மகள், கல்லூரி படித்த மூன்று வருடமும் என் வீட்டில்தான் தங்கினாள். பிறகு சொந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அப்போது ஏழு மாதக் கர்ப்பம்.

வளைகாப்புக்கு அண்ணன் போனில் அழைத்தார். அண்ணி வாங்கிப் பேசவில்லை. அண்ணன் மகளுடைய கல்யாணத்தின்போதே, தாலி கட்டும் நேரத்தில் நானாகச் சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டவள் நான். போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சுற்றிலும் ஹாரன், ஊர் பேர் சொல்லிக் கூவும் கண்டக்டர்கள். போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"யார் என்ன சொன்னாலும் நீ வந்துடாத."

அப்பா மரியாதைக்குக் கூப்பிடுவார், நீ வராதே என்கிறாள். அப்படித்தான் எனக்குப் பட்டது. இரண்டாவது முறை கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டுத் திருவந்திபுரம் போனேன். கோயிலில் கூட்டம். எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு தூண் ஓரமாக மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து எதுவும் சமைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில் ஒருவர் சொன்ன பெயரைத் தப்பாக எழுதி ஏச்சு வாங்கினேன். எனக்கே கொஞ்ச நாளாகச் சந்தேகம் இருந்ததால், காதைப் பரிசோதிக்கப் போனேன். பரிசோதித்த பெண், சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பாதி தப்பு.

"சத்தம் நல்லாத்தான் கேக்குது. வார்த்ததான் பிரிய மாட்டேங்குது" என்றேன்.

"ஆமாம்மா. காது எத விடுதோ, அத மனசு தனக்குத் தெரிஞ்சத வச்சி ரொப்பிக்கும்."

வெளியே வந்ததும் ஏனோ அந்த மெசேஜ் ஞாபகம் வந்தது. சத்தமில்லாத இடமாகப் பார்த்து நின்று, கொஞ்சம் நன்றாகக் கேட்கும் இடது காதில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். நாலாவது தடவைதான் பிரிந்தது.

"யார் என்ன சொன்னாலும் நீ வந்துடத்த."

வந்துடு, அத்த.

அப்படியே சிதம்பரம் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவே இல்லை. போனை எடுத்து அந்த மெசேஜைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு அழுதாள்.

"உனக்காக எங்க மாமியார்கிட்ட சண்ட போட்டேன். மொத வளையல் எங்கத்ததான் போடணும்னு ஒரு மணி நேரம் எல்லாரையும் உக்கார வச்சிருந்தேன். போனும் போவல. காது கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு. நான் போயி உன்ன வராதன்னு சொல்லுவனாத்த?"

அவள் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல்கள். அதில் ஒன்றுகூட நான் போட்டதில்லை.

அவள் மகனுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. நானும் அடிக்கடி போய் வருகிறேன். இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டு, யார் பேசினாலும் வெட்கப்படாமல் "என்ன சொன்ன, இன்னொரு தரம் சொல்லு" என்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்காமல், வேண்டாதவள் நான் என்று நானே முடிவு செய்துகொண்டு தூண் ஓரமாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால், இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.