பச்சைப் பை வந்த இடம்

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் ஸ்டோரில் நான் வேலை பார்த்த காலம். பிளாஸ்டிக்கைக் கைவிட்டு விடுதி துணிப்பைக்கு மாறியிருந்தது. அந்தப் பைகளைக் கொண்டுவரும் வேன் டிரைவர் ஒல்லியானவர். கொளுத்தும் வெயிலிலும் கழுத்துப் பட்டனைப் போட்டிருப்பார். தண்ணீர் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

“ஃபில்டர் தண்ணிதாங்க இது,” என்றேன் ஒருநாள்.

“தப்பா நென்ச்சிக்காத சார். லோடு ஏத்துற எடத்துல அப்டி பழகிப்போச்சு.”

“அங்க தண்ணிக்கு என்ன?”

“பைக்கு சாயம் போட்டுட்டு மிச்சத்த வாய்க்கால்ல வுட்றானுங்க. பை இன்னா கலரோ, வாய்க்காலும் அதே கலர்ல கீது. பக்கத்து வூட்டு போர் தண்ணிகூட நாறுது சார்.”

இறக்கி வைத்த பச்சைப் பைகளில் ‘இயற்கையைக் காப்போம்’ என்று அச்சடித்திருந்தது. அன்றே பைகள் தயாராகும் பட்டறைக்குப் போன் செய்து, சாயத் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பட்டறை முதலாளி உடனே, “யார் சொன்னது?” என்றார். “உங்க டிரைவர்தான்,” என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த லோடு வேறொருவருடன் வந்தது. பழையவரைப் பற்றிக் கேட்டேன். “அவரு இப்ப வர்றதில்ல சார்,” என்றவர் பைகளை இறக்கப் போய்விட்டார்.

விடுதி தொடர்ந்து அதே பைகளை வாங்கியது. நானும் கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொண்டேன். வாய்க்காலை நேரில் போய்ப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை. அவர் சொன்னது பொய் என்றால் அவரை ஏன் வேலையைவிட்டு நிறுத்த வேண்டும் என்று மட்டும் இன்றும் யோசிக்கிறேன்.