தனலெட்சுமி கூட்டிவைத்த காற்று

தனலெட்சுமிக்குக் கை தாராளம். செடெனாக்கில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சோறு போடும் வேலை. 'அளவாப் போடு' என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவளோ தட்டு நிறையாவிட்டால் தன் வயிறே காய்ந்ததுபோல் தவிப்பாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதெல்லாம் அவள் ஊருக்குச் சொல்லும் உபதேசம்.

அவள் புருஷன் அய்யாவு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சிகரெட்டை ஊதி ஊதியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் கிளிப், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரையில் எண்பத்தொன்பது. பக்கத்துக் கட்டில் சீனருக்கோ தொண்ணூற்றெட்டு.

"மிஸ்ஸி, இவருக்கு மட்டும் ஏன் கம்மியா காட்டுது?"

"அங்கிளுக்கு அது போதும் ஆன்ட்டி. எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்திரெண்டுக்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்க எதையும் தொடாதீங்க லா" என்றாள் தாதி கஸ்தூரி.

போதும் என்ற சொல்லே தனலெட்சுமிக்கு ஆகாது. காற்றில்கூடவா கஞ்சத்தனம்? கஸ்தூரி அந்தப் பக்கம் போனதும் சுவரிலிருந்த ஆக்சிஜன் குமிழைத் திருகினாள். எண் மளமளவென்று ஏறியது. அய்யாவுவின் இழுப்பு அடங்கியது. முகம் சிவந்து, பல நாள் கழித்து மனிதர் அசந்து தூங்கினார். பைத்தியக்காரி, பூரித்துப்போனாள்!

மருந்து கொடுக்க வந்த கஸ்தூரி அவர் தோளை உலுக்கினாள். கண் திறக்கவில்லை. திரையைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள்.

"யாரு கூட்டினது?"

தெரியாது என்று சொல்லிவிடலாம்தான். "நான்தாம்மா" என்றாள் தனலெட்சுமி.

டாக்டர் ஓடி வந்தார். காற்றைக் குறைத்து, மணிக்கட்டில் ரத்தம் எடுத்து, முகத்தில் இறுக்கமான மூடியை மாட்டிச் சுவாச இயந்திரத்தோடு இணைத்தார்கள்.

"இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்சிஜன் மிஞ்சினா, கெட்ட காத்து வெளிய போகாம ரத்தத்துல தங்கிடும். அது தூக்கமில்ல ஆன்ட்டி, மயக்கம்" என்றாள் கஸ்தூரி.

திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். என் தாலியை நானே அறுக்கப் பார்த்தேனே என்று தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் அய்யாவு கண் விழித்தார். திரும்பவும் மூக்குக் குழாய், திரும்பவும் இழுப்பு, திரையில் தொண்ணூறு. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மெல்ல விரலைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"மூச்சு முட்டுது புள்ள... அதைக் கொஞ்சம் கூட்டி வையேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"முடியாதுங்க. மிஸ்ஸியக் கூப்பிடுறேன்" என்று மணியை அழுத்தினாள்.

"கல்நெஞ்சுக்காரி" என்று முனகிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படியே இருந்துட்டுப் போறேங்க" என்றாள்.