அண்ணன் மாற்றிப் பேசிய பேச்சு

என் அண்ணன் கட்சிப் பேச்சாளர். மைக் கையில் கிடைத்தால் கரண்ட் போனால்தான் விடுவார். ஒருமுறை இலுப்பூர்க் கூட்டத்தில், தலைவர் சொன்னார் என்பதற்காக, "கருவுலேர்ந்து ஸ்டெம் செல் எடுக்குறாங்களாம்! ஆராய்ச்சியா அது? கொலை! எதுக்காகக் கருவுல கைவச்சாலும் கொலைதான்!" என்று முழங்கினார்.

அப்போது நான் பிள்ளைக்காகத் திருச்சியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலேயே சில கருக்களை உருவாக்கி, ஒன்றை என் வயிற்றில் வைத்தார்கள். மகள் பிறந்தாள். உடனே அண்ணனின் பேச்சு மாறியது. "வைத்தியத்துக்குன்னா சரி, ஆராய்ச்சிக்குத்தான் கூடாது" என்றார் புதுக்கோட்டையில்.

"கூட்டத்துக்கு ஒரு கருத்தாண்ணே?" என்றேன். எனக்கு எரிச்சல்தான்.

மிச்சக் கருக்களை ஆஸ்பத்திரியில் உறைய வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை போதும் என்று முடிவு செய்து, நானும் வீட்டுக்காரரும் அவற்றை ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டோம். அண்ணன் கொதித்துப்போனார்.

"ஊரெல்லாம் கொலைன்னு பேசிட்டு வாரேன். எந்தங்கச்சியே குடுத்துருச்சுன்னா மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது? ஒம்மக காதுகுத்துக்கு நான் வரல."

"குடுக்காட்டி தூக்கித்தாண்ணே போடுவாங்க. அதுக்கு என்ன பேரு வப்பீங்க?"

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை. எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன். அன்று அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

காதுகுத்தன்று மேளம் முன்னால் வர, சீர்த்தட்டுகளோடு அண்ணன் வந்து இறங்கினார். மருமகளைத் தூக்கி மடியில் வைத்தார். பிறகு பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினார். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய கட்சிக்காரர்கள்.

"சொல்லவாத்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தலையசைத்தேன்.

"எந்தங்கச்சி மிச்சக் கருவ ஆராய்ச்சிக்குக் குடுத்துருச்சு. அதக் கொலைன்னு பேசுனவன் நான். இப்பத்தான் திருச்சிக்குப் போயி டாக்டரம்மாட்ட ஒக்காந்து கேட்டேன். தெரியாமப் பேசிட்டேங்க. அதெல்லாம் தலைவர் சொல்லிப் பேசுனது. இது நானாச் சொல்றது, எந்தங்கச்சி செஞ்சது நல்ல காரியம்."

கட்சிக்காரர்கள் கறிச்சோற்றைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "குத்துங்க ஆசாரி" என்றார். எங்கண்ணன், எங்கண்ணன் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவரைப் பேசக் கூப்பிடவில்லை.

"வருத்தமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வருத்தந்தான்" என்றார். "ஆனா ஒம்மக பெரியவளாகி, 'நான் பொறந்த விதத்தப் பத்தி என்ன மாமா பேசுனீங்க'ன்னு கேட்டா, தலை குனியாமச் சொல்லலாம்ல?"