கதவை விடாத வாக்குத்தத்தம்

கூடலூர் ஏலக்காய்க் கடை செல்வமணியின் மூத்த மகள் கிருபாவதி. அல்லிநகரத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ராஜமணிக்கு வாழ்க்கைப்பட்டவள். எண்பத்திரண்டாம் வருசம் அவளை ஒரு கதவு படுத்திய பாடு கொஞ்சமல்ல.

சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில், அந்த வருசத்துக்கென்று ஒரு பைபிள் வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை மைதாப் பசை தடவி வாசற்கதவில் ஒட்டுவார்கள். மறுவருசம் உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவார்கள். அந்த வருசத்து வசனம் பிள்ளைப்பேற்றைச் சொன்னது. மகள் சொர்ணலதா அப்போது மாசமாக இருந்தாள். வசனம் கீழே விழவே கூடாதென்று ராஜமணி, தண்ணீர்த் தொட்டி விரிசலுக்குப் பூசுகிற இரட்டை டப்பாப் பசையைக் கலந்து, அட்டைக்கு அடியிலும் மேலுமாகப் பூசி ஒட்டிவிட்டார்.

ஆனியில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மகள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். அவள் கண்ணில் அந்த வசனம் படக்கூடாது.

வெந்நீர், மண்ணெண்ணெய், பேனாக்கத்தி எல்லாம் பார்த்தாயிற்று. எழுத்து பசைக்குள் கல்லாக இறுகிக் கிடந்தது.

“ஏங்க, வேற பசையே கெடைக்கலையா ஒங்களுக்கு?”

“கடையில இருந்ததுல நல்லதாத்தான் எடுத்தேன், கிருபா. வேணும்னா கதவையே கழட்டிருவமா?”

“கழட்டுங்க. வர்ற பிள்ளைய கதவில்லாம தெருவோட உக்கார வைப்போம்!”

உளியை வைத்து அடித்தாள். தேக்குத்தான் சிராய் சிராயாகப் பெயர்ந்தது.

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய சொர்ணலதா, அம்மா முதுகால் மறைத்த இடத்தை எட்டிப் பார்த்தாள்.

“அப்பா ஒட்டுனதாம்மா?”

“ஆமாத்தா.”

“அப்பா ஒட்டுனதுன்னா பேந்து வராது. விடும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

கிருபாவதி மறுபடியும் உளியை எடுத்துக் கதவில் வைத்தாள்.